வீட்டு இணையம் அடிக்கடி அறுபடுகிறதா? பழுது எங்கே என்று கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

இணையம் அறுபட்டதும் நம் கை நேராக ரவுட்டரின் சுவிட்சுக்குத்தான் போகிறது. அணைத்து, சற்றுப் பொறுத்து, மீண்டும் போட்டால் பெரும்பாலும் இணைப்பு திரும்பிவிடுவதால் அதுவே மருந்து என்று பழகிவிட்டோம். எப்போதோ ஒருமுறை நிகழும் தடங்கலுக்கு அது போதும். அடிக்கடி அறுபடும் இணைப்பிலோ இந்தப் பழக்கம் கேடு செய்கிறது. பழுது எங்கே இருக்கிறது என்பதற்கான தடயம், அறுபட்ட அந்த ஓரிரு நிமிடங்களில் பெட்டியின் விளக்குகளிலும், நடந்ததைப் பெட்டி தானே குறித்துவைக்கும் உட்பதிவிலும்தான் (லாக்) கிடைக்கும். சுவிட்சை அணைத்ததும் விளக்குகள் சொன்னது போய்விடும், பல பெட்டிகளில் உட்பதிவும் அழிந்துவிடும்.

என் அக்கா வீட்டில் நான்கு மாதம் இந்தத் தொல்லை இருந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இணைப்பு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அறுபட்டுத் திரும்பும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அத்தான், அலுவலகக் கூட்டத்தின் நடுவே திடீரென்று காணாமற்போவார். இணைப்பு தரும் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். காலை வேளையில் சோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு ஒருமுறை ரவுட்டரையே மாற்றிக் கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அறுபட்ட நேரங்களை அக்கா ஒரு நோட்டில் எழுதத் தொடங்கிய பின்புதான், அவை யாவும் காற்று பலமாக அடித்த பிற்பகல்கள் என்று புலப்பட்டது. தெருவிலிருந்து வரும் ஃபைபர் கேபிளைப் பக்கத்து மனையிலிருந்த தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மரம் ஆடும்போதெல்லாம் கேபிள் இறுகி மடங்கியது. காற்று ஓய்ந்த காலைகளில் வந்து பார்த்தவருக்கு அது தெரிய வழியே இல்லை.

ஆகவே இந்த வழிகாட்டியின் முறை ஒன்றே: எதையும் மாற்றுவதற்கு முன், சங்கிலியின் எந்தக் கண்ணி அறுபடுகிறது என்று முதலில் கண்டறிய வேண்டும். நம் ஊர்களில் இன்று பரவலாக உள்ள ஃபைபர் இணைப்பை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அதில் மின்சாரம், தெருவிலிருந்து வரும் ஃபைபர், நிறுவனத்தோடு உங்கள் கணக்கு கொண்டுள்ள தொடர்பு, ரவுட்டர், வைஃபை, கடைசியாக உங்கள் கைப்பேசியோ கணினியோ என ஆறு கண்ணிகள் உள்ளன.

முதல் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

நோட்டுப் புத்தகம் ஒன்றை ரவுட்டர் அருகிலேயே வைத்து, ஒவ்வொரு முறை அறுபடும்போதும் தேதி, மணி, எத்தனை நிமிடம் நீடித்தது, எந்த விளக்கு எந்த நிறத்தில் இருந்தது, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் போயிற்றா அல்லது ஒன்றில் மட்டுமா, அப்போது மழை, காற்று, மின்தடை ஏதும் இருந்ததா ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் நோட்டிலேயே ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். மழைக்கும் காற்றுக்கும் ஒத்துப்போனால் வெளியே உள்ள கேபிளையும், மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் கணத்தோடு ஒத்துப்போனால் மின் இணைப்பையும், உச்சி வெயிலில் மட்டும் நேர்ந்தால் ரவுட்டரின் சூட்டையும் ஐயப்படலாம். சரியாக இத்தனை மணிக்கு ஒருமுறை என்று கடிகாரம் தவறாமல் அறுபட்டால் அது பெரும்பாலும் கேபிள் பழுதல்ல. கம்பிக்கு மணி தெரியாது. நிறுவனத்தின் முனையிலோ உங்கள் ரவுட்டரிலோ உள்ள ஏதோ ஒரு காலக்கெடு அமைப்புதான் அப்படி நடந்துகொள்ளும். மாலை எட்டு மணிக்குமேல் வேகம் குறைந்து, பத்துமணிக்குப் பின் சரியாவது வேறு கதை. அது அறுபடுவதன்று, நெரிசல். இரண்டையும் ஒரே புகாராகச் சொன்னால் வந்து பார்ப்பவர் வேகத்தை மட்டும் சோதித்துவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாம் படி: விளக்குகளைப் படியுங்கள்

ஃபைபர் பெட்டியில் கவனிக்க வேண்டியவை முக்கியமாக மூன்று. ‘எல்ஓஎஸ்’ (LOS) என்று எழுதியுள்ள விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, தெருவிலிருந்து வரும் ஒளி பெட்டிக்குப் போதுமான அளவில் வந்து சேரவில்லை என்று பொருள். அந்நேரத்தில் வைஃபை அமைப்புகளை மாற்றுவதோ ரவுட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவதோ வீண். ‘பான்’ (PON) விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். அது மினுக்கிக்கொண்டே இருந்தால் பெட்டி நிறுவனத்தின் முனையோடு பதிவு செய்துகொள்ள முயன்று முடியாமல் தவிக்கிறது. ‘பான்’ நிலையாக எரிந்தும் ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் அணைந்தோ சிவந்தோ இருந்தால், கேபிள் நலமாக இருக்கிறது, கணக்கின் தொடர்புதான் விட்டுப்போயிருக்கிறது. மாதிரிக்கு மாதிரி நிறங்கள் சற்று மாறும் என்பதால், இணைப்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் விளக்குகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா விளக்குகளும் சரியாக இருந்தும் இணையம் வரவில்லை என்றால் அடுத்த படி.

மூன்றாம் படி: வீட்டுக்குள்ளா, வெளியிலா?

கணினி இல்லாதவர்களும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. இணைப்பு அறுபட்டதும் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் திறந்து பாருங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அது இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. மொபைல் டேட்டாவை அணைப்பது மிக முக்கியம், ஏனெனில் வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் பல கைப்பேசிகள் சொல்லாமலேயே அதற்கு மாறிவிடும். ரவுட்டரின் பக்கம் திறந்தால் வைஃபையும் ரவுட்டரும் வேலை செய்கின்றன, பழுது அதற்கு அப்பால் இருக்கிறது. பக்கமே திறக்கவில்லை என்றால் பழுது வீட்டுக்குள்தான்.

கணினி இருந்தால் இன்னும் துல்லியமாக அறியலாம். கட்டளைச் சாளரங்கள் (கமாண்ட் பிராம்ப்ட்) இரண்டைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் 8.8.8.8 என்ற கூகுளின் பொது முகவரிக்கும் ‘பிங்’ (ping) கட்டளையை, அதாவது அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பதை, இடைவிடாமல் ஓடவிடுங்கள். விண்டோஸில் அந்தக் கட்டளை நான்கு முறையோடு நின்றுவிடும். முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுச் சிறுகோடும் ஆங்கில ‘டி’ எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். இணைப்பு அறுபடும் கணத்தில் இரண்டு சாளரங்களையும் பாருங்கள். இரண்டிலும் பதில் நின்றால் உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் அறுபடுகிறது, அல்லது ரவுட்டரே அணைந்திருக்கிறது. ரவுட்டர் பதில் தந்துகொண்டிருக்க, வெளி முகவரி மட்டும் நின்றால் ரவுட்டருக்கு அப்பால். இரண்டும் பதில் தந்துகொண்டிருக்க, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையே தடுமாறுகிறது. ரவுட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் முகவரிகளாக 8.8.8.8, 1.1.1.1 ஆகியவற்றை இட்டால் அது பெரும்பாலும் தீரும்.

இதே சோதனையை ஒரு நாள் வைஃபையிலும் ஒரு நாள் லேன் கேபிளிலும் செய்யுங்கள். கேபிளில் நிலையாக இருந்து வைஃபையில் மட்டும் அறுபட்டால், நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான்காம் படி: மின்சாரம்

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், பெட்டி எத்தனை நேரமாக அணையாமல் ஓடுகிறது என்ற கணக்கு இருக்கும். காலையிலிருந்து ஓடும் பெட்டியில் அது பத்து நிமிடம் என்று காட்டினால், ரவுட்டர் தானாகவே அணைந்து எழுந்திருக்கிறது. இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் மாதக்கணக்கில் கேபிளைத் தேடியவர்கள் உண்டு.

தானாக அணைந்து எழுவதற்கு நம் வீடுகளில் இரண்டு காரணங்கள் அதிகம். ஒன்று, அடாப்டர். அதனுள் உள்ள கெபாசிட்டர்கள் ஆண்டுக்கணக்கான சூட்டில் உலர்ந்துபோனால், சும்மா இருக்கும்போது மல்டிமீட்டரில் சரியான வோல்ட் காட்டும். ரவுட்டர் முழு வேலையில் இழுக்கும்போது தாழ்ந்துவிடும். மாற்றும்போது வோல்ட் அளவு சற்றும் மாறக் கூடாது, ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், முனையின் நேர்மறை எதிர்மறை ஒத்திருக்க வேண்டும். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 9 வோல்ட் அடாப்டரைச் செருகுவது பெட்டிக்கு நல்லதல்ல.

இரண்டு, இன்வெர்ட்டர். பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் ‘யுபிஎஸ்’, ‘நார்மல்’ என்று இரு நிலை கொண்ட சுவிட்ச் இருக்கிறது. நார்மல் நிலையில், மின்சாரம் போய் பேட்டரி ஏற்கும் இடைவெளி மின்விசிறிக்கும் விளக்குக்கும் தெரியாது. ரவுட்டருக்கு அது போதும், அணைந்து எழுந்துவிடும். யுபிஎஸ் நிலையில் அந்த இடைவெளி மிகக் குறைவு. சுவிட்சை மாற்றியும் தீராவிட்டால், ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றை இடையில் வைக்கலாம்.

ஃபைபரில் ஒரு நன்மை உண்டு. தெருவில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்லிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே தெருவில் மின்தடை இருந்தாலும் உங்கள் பெட்டிக்கு மின்சாரம் இருந்தால் இணையம் வர வேண்டும். மொட்டை மாடியிலோ கம்பத்திலோ உள்ள ஸ்விட்ச் பெட்டியிலிருந்து லேன் கேபிளாக வரும் பழைய வகை இணைப்புக்கு இது பொருந்தாது. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போனால் அதைச் சார்ந்த வீடுகள் அனைத்துக்கும் இணைப்பு போய்விடும்.

ஐந்தாம் படி: ஃபைபரின் ஒளி அளவு

என் கருத்தில் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதுவே முதன்மையானது. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ரவுட்டரின் பக்கத்தில் ‘ஆப்டிகல்’ அல்லது ‘பான்’ என்ற பிரிவில் ‘ஆர்எக்ஸ் பவர்’ (Rx Power) என்று ஓர் எண் இருக்கும். அது பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு. டிபிஎம் என்ற அலகில், மைனஸ் குறியோடு காட்டப்படும். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் வகை இணைப்பில் மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை இருந்தால் நலம். மைனஸ் 27 என்பது பெட்டிகள் பொதுவாகத் தாங்கக்கூடிய எல்லை. அதற்கு அப்பால் இணைப்பு நிற்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு 3 அலகு குறையும்போதும் ஒளி பாதியாகிறது என்பதை நினைவில் கொண்டால், மைனஸ் 21-க்கும் மைனஸ் 27-க்கும் இடையே ஒளி கால் பங்காகிவிட்டது என்பது விளங்கும். தெருவில் 32 வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்ப்லிட்டர் ஒன்றே ஏறத்தாழ 17 அலகை எடுத்துக்கொள்வதால், மீதியை வீணாக்க இடமில்லை.

இந்த எண்ணை ஒருமுறை பார்த்தால் போதாது. இணைப்பு நன்றாக இருக்கும்போது ஒருமுறையும், மழையிலும் காற்றிலும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். அக்கா வீட்டில் அமைதியான காலையில் மைனஸ் 22 என்று இருந்தது, காற்றடித்த பிற்பகலில் மைனஸ் 28 வரை போனது. அந்த இரண்டு எண்களையும் கைப்பேசியில் படமாகக் காட்டிய பிறகுதான் லைன்மேன் ஏணியை எடுத்தார்.

எண் எப்போதுமே தாழ்ந்திருந்தால், முதலில் வீட்டுக்குள் பார்க்க வேண்டியது மடிப்பு. ஃபைபரைச் சுவரின் மூலையில் செங்கோணமாக மடக்குவது, ஜன்னல் கதவுக்கு அடியில் நசுக்குவது, மிச்சக் கேபிளை இறுக்கமாகச் சுருட்டி டேக் போட்டுக் கட்டுவது ஆகிய மூன்றும் ஒளியைக் கசியவிடும். மிச்சத்தை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குத் தளர்வாகச் சுற்றி வைத்தால் போதும். அடுத்தது கனெக்டர். பச்சை நிற முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீல நிற முனை சாய்வில்லாதது. பச்சையை நீலத்தோடு சேர்த்தால் ஒளி வீணாவதோடு முனையும் கெடும். உள்ளே ஒளி செல்லும் கண்ணாடி இழையின் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான் மட்டுமே, தலைமுடியின் அகலத்தில் பல மடங்கு சிறியது. ஒரு தூசி போதும் அதை மறைக்க. சட்டைத் துணியால் துடைப்பதையும் வாயால் ஊதுவதையும் அறவே தவிர்த்து, அதைத் துடைக்கும் கருவி வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள். கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடியது.

வீட்டுக்கு வெளியே உள்ளதை நீங்கள் தொட வேண்டாம், குறிப்பாக மின்கம்பத்தில். தரையில் நின்று கேபிள் வரும் வழியைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள்: மரக்கிளை உரசுகிறதா, தகரக் கூரையின் விளிம்பில் அறுபடுகிறதா, அணில் கடித்த தடம் உண்டா, இணைப்புப் பெட்டியின் மூடி திறந்து மழை இறங்குகிறதா? ஐயப்படும் இடத்தைப் படமெடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: கணக்கின் தொடர்பு

ஒளி அளவு நன்றாக இருந்து, ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் போய்வந்தால், முதலில் கட்டணம் செலுத்திய காலம் முடியவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு ரவுட்டரின் உட்பதிவைப் பாருங்கள். அதற்குமுன் பெட்டியின் நேரம் இந்திய நேரத்துக்கு அமைந்துள்ளதா என்று சரிபாருங்கள், இல்லாவிட்டால் பதிவில் உள்ள மணி உங்கள் நோட்டோடு ஒத்துப்போகாது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு இணையும் வகையாக இருந்தால், அந்தத் தொடர்பு எப்போது விட்டது, எதற்காக விட்டது என்பது அதில் பதிவாகியிருக்கும். இந்தக் கண்ணியில் நாம் திருத்தக்கூடியது குறைவு. ஆதாரத்தோடு நிறுவனத்திடம் கொடுப்பதே வழி.

ஏழாம் படி: வைஃபை

முதலில் இடம். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், தொலைக்காட்சி அலமாரிக்குள்ளும், குளிர்சாதனப் பெட்டியின் மேலும் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். இரும்பு அலையைத் தடுக்கிறது. மூடிய அலமாரி சூட்டைத் தேக்குகிறது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலுக்கே வடிவமைக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் அந்த எல்லை எளிதில் தாண்டும். வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வைப்பதே சரி.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றையே பங்கிட வேண்டும். வைஃபை அலசும் செயலி ஒன்றால் பார்த்து, மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிலைநிறுத்துங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. அது ஓடும் இரண்டு நிமிடம் மட்டும் சமையலறை அருகே இணைப்பு தடுமாறினால் காரணம் அதுவே.

5 கிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ராடார்களும் பயன்படுத்துவதால், ராடாரின் அலை கேட்டதாகத் தோன்றினாலே ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. அந்த வரம்பிலேயே வேறு சேனலுக்குப் போனால் அங்கும் ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகே ஒலிபரப்பத் தொடங்கும். அந்த நேரத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒன்றாக அறுபடும், விளக்குகளோ எல்லாம் சரி என்று காட்டும். விமான நிலையம், துறைமுகம் அருகே குடியிருப்போர் சேனலைத் தானியங்கி நிலையில் விடாமல் 36 முதல் 48-க்குள் ஒன்றில் நிலைநிறுத்துவது நல்லது.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், சோதிக்கும் வாரத்தில் மட்டும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். எதில் அறுபடுகிறது என்று அப்போதுதான் தெரியும். பழைய கருவி ஒன்று மட்டும் தொடர்ந்து விழுந்தால், ரவுட்டரின் வைஃபை அமைப்பில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ 2 (WPA2) என்று மட்டும் வைத்துப் பாருங்கள். டபிள்யூபிஏ 3-உம் 2-உம் கலந்த முறையில் சில பழைய கருவிகள் நிலைத்து நிற்பதில்லை.

பழைய ரவுட்டரை இரண்டாவது அறையில் நீட்டிப்பாக வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு, ஒரே வலையில் கருவிகளுக்கு எண் வழங்கிக்கொண்டிருந்தால், சில கருவிகள் மட்டும் காரணமின்றி அறுபடும். இரண்டாவது பெட்டிக்கு வேறு முகவரி கொடுத்து, எண் வழங்கும் அதன் டிஹெச்சிபி (DHCP) சேவையை அணைத்துவிட வேண்டும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், எண் வழங்கும் ரவுட்டரிடமிருந்து அதற்குப் பதில் வரவில்லை என்று பொருள்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் என்றால்

விண்டோஸ் கணினியில் வைஃபை அட்டையின் பண்புகளில், மின்சேமிப்புக்காக அதை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். கைப்பேசியில் அந்த வைஃபையை மறக்கச் செய்து மீண்டும் கடவுச்சொல் இட்டு இணையுங்கள். பெரும்பாலும் இவ்வளவே போதும்.

எட்டாம் படி: புகார்

பெட்டியின் பின்னுள்ள ‘ரீசெட்’ ஊசித் துளையை அழுத்தாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, அது வேறு. அழுத்தினால் நிறுவனம் இட்டு வைத்த கணக்கு விவரங்களும் அழிந்து, ஆள் வந்து மீண்டும் அமைக்கும்வரை இருந்த இணைப்பும் இல்லாமற்போகும்.

புகாரில் ‘அடிக்கடி கட் ஆகிறது’ என்று சொல்வதைவிட, ‘இந்த மாதம் 4, 7, 9 தேதிகளில் பிற்பகல் இத்தனை மணிக்கு எல்ஓஎஸ் விளக்கு எரிந்தது, ஒளி அளவு மைனஸ் 22-லிருந்து மைனஸ் 28-க்குப் போனது, லேன் கேபிளிலும் இதே நிலை’ என்று சொல்லுங்கள். அப்போது ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் முதல் கட்ட உரையாடல் பெரும்பாலும் தேவைப்படாது. வருபவரும் எதைத் தேடுவது என்று தெரிந்தே வருவார். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் வகுத்த விதிமுறைகளின்படி, புகார் மையத்தின் தீர்வு நிறைவளிக்கவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கு அந்த எண் வேண்டும்.

பழுது பார்க்க வந்தவர் கிளம்புமுன், புதிய ஒளி அளவை அவரோடு சேர்ந்தே பாருங்கள். அக்கா வீட்டில் கேபிளைத் தென்னையிலிருந்து அவிழ்த்து, கம்பத்திலிருந்து நேராக மாடிச் சுவருக்கு இழுத்துக் கட்டியதும் அது மைனஸ் 20 ஆயிற்று. அந்த எண்ணையும் தேதியையும் ஒரு சிறு தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆடிக் காற்று தொடங்கியபோது மூன்று பிற்பகல்கள் மீண்டும் பார்த்தார், எண் மாறவில்லை.